ஏட்டில் பெயர் இருக்கிறது, பிள்ளை எங்கே?

(நம் மஹல்லாவின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

செயலாளர் அவர்கள் சற்று முன்னர் ஆண்டறிக்கையை வாசித்தார்கள். எத்தனை வீடுகளில் சந்தா வசூலாயிற்று, எத்தனை நிக்காஹ் நடந்தேறியது, எத்தனை ஜனாஸா கபரஸ்தானில் அடக்கம் செய்யப்பட்டது, ஃபித்ரா எத்தனை குடும்பங்களுக்குச் சென்றது என்ற விவரமெல்லாம் அதில் ஒழுங்குற அமைந்திருந்தன. நம் முன்னோர் ஏடு எழுதுவதில் கவனமுடையவர்கள். நிக்காஹ் தஃப்தரைப் புரட்டினால் பாட்டனார் காலத்துத் திருமணத்திற்கும் சாட்சிகளின் பெயர் கிடைக்கும். ஆயினும் ஒரு வினாவுக்கு அந்த ஏடுகள் எதிலும் விடை இல்லை. நம் மஹல்லாவில் பள்ளிக்கூடம் செல்லும் வயதில் எத்தனை பிள்ளைகள் உள்ளனர்? அவர்களுள் இன்று உண்மையாகவே பள்ளிக்கூடத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர்?

எனக்குத் தரப்பட்ட தலைப்பு கல்வி. கல்வியின் சிறப்பை இந்த மேடையில் நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். ஆகவே இன்று சிறப்பை விடுத்து, கணக்கைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

பள்ளிக்கூடம் கணக்கு வைக்கும் முறை

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் இருப்பை இரண்டு ஏடுகள் காட்டுகின்றன. ஒன்று சேர்க்கைப் பதிவேடு. பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம், எந்தப் பள்ளியிலிருந்து வந்தார், எந்த நாளில் சேர்ந்தார், எந்த நாளில் விலகினார் என்பன அதில் இடம்பெறும். மற்றொன்று வருகைப் பதிவேடு. ஆசிரியர் நாள்தோறும் பெயர் சொல்லி அழைத்துக் குறிக்கும் ஏடு அது. பிள்ளை நம் ஊரில் இருக்கிறார் என்பதற்கு முதல் ஏடு சான்று. இன்று காலை இங்கே வந்திருக்கிறார் என்பதற்கு இரண்டாம் ஏடு சான்று.

இவ்விரண்டோடு நம் தமிழ்நாட்டில் மூன்றாவது கணக்கு ஒன்றும் உண்டு. அது சோற்றுக் கணக்கு. 1982 ஜூலை முதல் நாள் அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவர்கள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது நம் திருச்சிக்கு அருகிலுள்ள பாப்பாக்குறிச்சியில்தான் என்பதை இளைஞர்கள் பலர் அறியமாட்டார்கள். இத்தனை பிள்ளைகள் உண்ண வந்தனர் என்று அன்றாடம் எழுதும் அந்தக் கணக்கு, வருகைப் பதிவேட்டுக்குத் துணையாக நிற்கிறது.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்த ஏடுகள் கணினிக்கு மாறிவிட்டன. தமிழ்நாட்டில் பள்ளியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் ஓர் எண் வழங்கப்படுகிறது. ‘எமிஸ் எண்’ என்று ஆசிரியர்கள் சொல்வது அதைத்தான். பிள்ளை பள்ளி மாறினாலும் எண் மாறாது. ஒரு பள்ளியிலிருந்து விலகும்போது தலைமையாசிரியர் அந்தப் பிள்ளையின் பதிவைப் பொதுத் தொகுப்பு ஒன்றுக்கு அனுப்புவார். சேர்த்துக்கொள்ளும் பள்ளி அந்தத் தொகுப்பிலிருந்து பதிவைத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொள்ளும். எந்தப் பள்ளியும் எடுக்காமல் தொகுப்பிலேயே தங்கிவிட்ட பதிவு என்றால், அந்தப் பிள்ளை எங்கும் சேரவில்லை என்று ஐயுற இடமுண்டு. வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்கள் அத்தகைய பட்டியலை வைத்துக்கொண்டுதான் வீடு வீடாக விசாரிக்க வருகின்றனர்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தொடக்கக் கல்வி உரிமையாயிற்று. தம் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் பதிவேட்டை உள்ளாட்சி அமைப்பு பராமரிக்க வேண்டும் என்றும், அவர்களின் சேர்க்கை, வருகை, படிப்பு நிறைவு ஆகியவற்றைக் கண்காணிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு கூறுகிறது. ஒருபோதும் பள்ளியில் சேராத பிள்ளை மட்டுமன்று, சேர்ந்த பின் தகவலின்றி 45 நாள்கள் வராத பிள்ளையும் ‘பள்ளி செல்லாக் குழந்தை’ என்பது மத்திய அரசு வகுத்த வரையறை.

மற்ற நாடுகளிலும் இந்தக் கவலை உண்டு. இங்கிலாந்தில் காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் வருகை குறிக்கப்பட வேண்டும். அனுமதியின்றித் தொடர்ந்து 10 பள்ளி நாள்கள் வராத மாணவரைப் பற்றிப் பள்ளி உள்ளாட்சிக்கு அறிவிக்க வேண்டும். எங்கே போனார் என்று விசாரிக்காமல் பெயரை அடித்துவிட முடியாது.

ஏடு காணாத இடங்கள்

இவ்வளவு ஏற்பாடு இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று சிலர் எண்ணலாம். 2023 மார்ச் 13 அன்று நடந்ததை நினைவூட்டுகிறேன். அன்று பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் நாள், மொழிப்பாடத் தேர்வு. மாநிலம் முழுவதிலும் 50,000க்கும் மேற்பட்டோர் தேர்வு எழுத வரவில்லை. மறுநாள் நாளிதழ்களில் அது பெருஞ்செய்தியாயிற்று. கொரோனா காலத்தில் தேர்வின்றித் தேர்ச்சி அளிக்கப்பட்டு, பின் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட மாணவர்கள் பலர் அதில் அடங்குவர் என்று பின்னர் விளக்கம் வந்தது. பெயர் இருந்தது, எண் இருந்தது, தேர்வுக்கூட நுழைவுச் சீட்டும் இருந்தது. பிள்ளை மட்டும் இல்லை. அந்தப் பிள்ளைகள் படிப்பை நிறுத்திய நாள் மார்ச் 13 அன்று. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே நின்றுவிட்டார்கள். தேர்வு நாளன்றுதான் அது நாட்டுக்குத் தெரிந்தது.

இதில் ஆசிரியர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. ஏடு எவ்வளவு சிறந்ததாயினும் அதில் உள்ள பெயரைப் பற்றித்தான் பேசும். ஒரு பள்ளிக்கூடம் தன்னிடம் சேர்ந்த பிள்ளையை அறியும். இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு இடையே நிற்கும் பிள்ளையை அறியாது.

விளக்கத்திற்காக ஒரு பிள்ளையைக் கற்பனை செய்துகொள்வோம். வரகனேரியில் வாடகை வீடு. மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டான். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி செல்ல வேண்டும். மே மாதம் மாற்றுச் சான்றிதழ் வாங்கியாயிற்று. ஜூன் மாதம் வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்ல, குடும்பம் காவிரிப் பாலம் கடந்து திருவானைக்காவலுக்குச் சென்றுவிடுகிறது. தகப்பனார் வளைகுடாவில். தாயார்க்குப் புது ஊரில் பள்ளிக்கூடம் தெரியவில்லை. ‘அடுத்த வாரம் சேர்க்கலாம்’ என்று ஆடி போய் ஆவணி வருகிறது. பழைய பள்ளி, ‘அவன் எங்களிடமிருந்து விலகிவிட்டான்’ என்கிறது; அது உண்மை. புதிய பள்ளிக்கு அவன் பெயரே தெரியாது, அதுவும் உண்மை. பழைய மஹல்லா, ‘குடும்பம் போய்விட்டது’ என்று சந்தா ஏட்டில் கோடு போட்டுவிட்டது. திருவரங்கத் தீவில் உள்ள ஜமாஅத்துக்குப் புதிய வீடு வந்த செய்தி இன்னும் எட்டவில்லை. நான்கு ஏடுகளும் சரியாகவே இருக்கின்றன. பிள்ளை மட்டும் ஒரு கடையில் தேநீர்க் கோப்பை கழுவிக்கொண்டிருக்கிறான்.

இவ்வாறு பிள்ளைகள் நழுவும் இடங்கள் சில உண்டு. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறுக்கும், எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதுக்கும் பள்ளி மாறும் காலம் முதலாவது. வெளிநாட்டிலிருந்து ஆண்டின் நடுவில் குடும்பம் திரும்புவது இரண்டாவது. தனியார் பள்ளியில் கட்டணம் பாக்கியாகி, வெட்கத்தினால் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொள்வது மூன்றாவது. இதில் பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டித் தொடக்கக் கல்வியில் சேர்க்கையை மறுக்க முடியாது என்று கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்க இயலாது. கட்டண பாக்கியைக் காரணமாக வைத்து மாற்றுச் சான்றிதழைப் பள்ளிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. சட்டம் இத்தனை வாசல்களைத் திறந்து வைத்திருந்தும், வாசல் திறந்திருப்பதைச் சொல்ல ஆளில்லாமல் பல பிள்ளைகள் வெளியே நிற்கின்றனர்.

நான்காவது, வேலை. நம் திருச்சி செயற்கை வைரக்கல் பட்டை தீட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். ஒரு காலத்தில் அந்தப் பட்டறைகளில் பிள்ளைகள் இருந்தனர். வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடத்திய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் நம் மாவட்டத்திலும் நடந்தது. 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பின் 14 வயது நிறைவுறாத பிள்ளையை வேலைக்கு வைப்பது எந்தத் தொழிலிலும் குற்றம். பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு. காந்தி சந்தையிலும் பெரிய கடைவீதியிலும் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். ‘ஏழைப் பிள்ளை, ஏதோ பிழைத்துப் போகட்டும்’ என்று இரக்கப்பட்டுத்தான் பலர் வேலை தருகிறார்கள். அந்த இரக்கத்தைப் பள்ளிக்கட்டணமாகக் கொடுத்தால் அதுவே மேலானது.

ஐந்தாவது, பெண்பிள்ளைகள். பத்தாம் வகுப்பு முடிந்ததும், சில வீடுகளில் எட்டாம் வகுப்பு முடிந்ததும், ‘போதும்’ என்று நிறுத்திவிடுகிறார்கள். பள்ளி தூரம் என்கிறார்கள். துணைக்கு ஆளில்லை என்கிறார்கள். அந்தக் காரணங்கள் பொய்யல்ல. ஆனால் தூரத்திற்கு வழி காண முடியும். நான்கு பிள்ளைகள் சேர்ந்து சென்றால் துணையும் உண்டாகும். அந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டார் என்ற செய்தி, திருமணப் பேச்சு எழுந்த பிறகே நமக்குத் தெரிய வருகிறது. அப்போது தஃப்தரில் எழுத வயதுச் சான்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான், 18 வயது நிறைவடையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம். ஆனால் அந்தக் கேள்வியை நான்காண்டுகள் முன்னதாகவே, ‘பிள்ளை எந்த வகுப்பு?’ என்று கேட்டிருக்க வேண்டும்.

மதரஸாவில் இருக்கும் பிள்ளை

இப்போது நான் சொல்லப் போவது, மதரஸாவில் ஓதி வளர்ந்தவன் என்ற உரிமையோடு சொல்வது. ஹிஃப்ழு ஓதுவதற்காகப் பிள்ளையை வெளியூர் மதரஸாவில் சேர்க்கிறோம். அது பெரும் பாக்கியம். அதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அன்றோடு அந்தப் பிள்ளையின் பெயர் பள்ளிக்கூட ஏட்டிலிருந்து விலகிவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012 இல் செய்யப்பட்ட திருத்தம், மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் சமயக் கல்வியையே முதன்மையாக அளிக்கும் நிறுவனங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது என்று கூறுகிறது. நம் உரிமையைக் காக்கும் ஏற்பாடு அது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சட்டம் பொருந்தாத இடத்தில் பள்ளிக்கூடத்தின் கணக்கும் பொருந்தாது. அங்கே இருக்கும் பிள்ளைக்கு எமிஸ் பதிவு தொடராது. காவிரிக்கு அப்பால் திருவரங்கத்தில் வேதம் ஓதும் சிறுவனைப் பெற்றவர்களுக்கும் இதே கேள்வி இருக்கிறது.

மூன்றாண்டுகளில் ஹிஃப்ழு நிறைவுற்று, ஹாஃபிழ் பட்டத்துடன் ஒரு பிள்ளை திரும்பினால் நமக்குக் கவலையில்லை; மாலை அணிவித்து வரவேற்போம். பாதியில் திரும்பிய பிள்ளையைப் பற்றித்தான் என் கவலை. அவன் 13 வயதில் வீட்டில் இருக்கிறான். மதரஸா ஏட்டில் ‘விலகினார்’. பள்ளி ஏட்டில் அதற்கு முன்பே ‘விலகினார்’. தன் தம்பியின் வகுப்பில் உட்கார வெட்கப்படுகிறான். அவனுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விடுபட்ட பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது நான்காம் பிரிவு. எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதவும் வழி உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதலாம். ஹிஃப்ழோடு பள்ளிப் பாடத்தையும் சேர்த்து நடத்தும் மதரஸாக்களும் இன்று உள்ளன. ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள்: மதரஸாவில் சேர்க்கும் நாளில் மாற்றுச் சான்றிதழையும் எமிஸ் எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். மதரஸா நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள்: உங்கள் சேர்க்கைப் படிவத்தில் பள்ளி வகுப்புக்கும் எமிஸ் எண்ணுக்கும் ஓரிடம் வையுங்கள், பிள்ளை விலகும் நாளில் அவனுடைய மஹல்லாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

கணக்கு எதற்காக?

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ‘தீவான்’ என்னும் பதிவேடு ஏற்படுத்தப்பட்டதை வரலாறு கூறுகிறது. மக்களின் பெயர்கள் குடும்பம் குடும்பமாக எழுதப்பட்டு, அதன்படி உதவித்தொகை வழங்கப்பட்டது. தாய்ப்பால் மறந்த குழந்தைக்கே தொகை என்பது முதலில் இருந்த விதி. ஓர் இரவு வணிகக் கூட்டத்தார் தங்கிய இடத்தில் ஒரு குழந்தை ஓயாமல் அழுவதைக் கேட்டு அவர்கள் காரணம் வினவினார்கள். கேட்பவர் கலீஃபா என்பதை அறியாத அந்தத் தாய், ஏட்டில் பெயர் ஏற வேண்டும் என்பதற்காகவே காலத்திற்கு முன் பால் மறக்கச் செய்வதாகக் கூறினார். அதன் பின் பிறந்த குழந்தைக்கும் தொகை உண்டு என்று விதி மாற்றப்பட்டது.

இந்த நிகழ்ச்சியில் கல்வித் துறையினருக்கும் நமக்கும் படிப்பினை இருக்கிறது. ஏடு அவசியமானது. ஏட்டை வைத்தவர் இரவில் தெருவில் நடந்து, குழந்தையின் அழுகையைக் காதால் கேட்டதும் அவசியமானது. ஏட்டை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரியாகவே தோன்றியிருக்கும்.

பள்ளிக்கூடத்தாரிடம் ஏடு இருக்கிறது. தெருவில் நடப்பவர்கள் நாம். காலை பத்து மணிக்கு எந்த வீட்டுத் திண்ணையில் பத்து வயதுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான் என்பது வட்டார அலுவலருக்குத் தெரியாது. பால் வாங்கிவரும் நமக்குத் தெரியும்.

மஹல்லா செய்ய வேண்டியவை

நிர்வாகக் குழுவின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

சந்தா ஏட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் பெயருக்கும் எதிரே, 5 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெயர், வயது, பள்ளி அல்லது மதரஸா, வகுப்பு ஆகியவற்றை எழுத வேண்டும். சந்தா வசூலிக்கச் செல்பவரே இதைக் கேட்டு எழுதிவிடலாம். வாடகைக்குப் புதிதாக வந்த வீடுகளையும் சந்தா தராத வீடுகளையும் விட்டுவிடக் கூடாது. அதிகம் நழுவும் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஆண்டுக்கு இருமுறை அதைச் சரிபார்க்க வேண்டும். ஜூன் இறுதியில் ஒருமுறை, அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் ஒருமுறை. சேர்ந்த பிள்ளைகள் நிலைத்தார்களா என்பது ஜனவரியில்தான் தெரியும். காலை மக்தபில் ஓதும் பிள்ளைகளிடம் உஸ்தாதுமார் மாதம் ஒருமுறை கேட்டாலே பாதிச் செய்தி கிடைத்துவிடும்.

குடும்பம் வேறு மஹல்லாவுக்குப் போகும்போது பெயரில் கோடு போடுவதோடு நிறுத்தாமல், அந்த மஹல்லாவுக்கு ஒரு சீட்டு எழுத வேண்டும். நிக்காஹுக்கு மஹல்லாக் கடிதம் கொடுக்கிறோமே, அதைப் போல ‘இந்த வீட்டில் ஆறாம் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளை ஒன்று உண்டு’ என்று ஒரு வரி போதும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர்கள், சிறப்பாகத் தாய்மார்கள், பங்கேற்க வேண்டும். சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நீண்ட நாள் வராத பிள்ளைகளின் பெயர் அந்தக் கூட்டத்தில் பேசப்படும்போது, ‘அந்த வீட்டை எனக்குத் தெரியும், நான் போய்ப் பார்க்கிறேன்’ என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்தக் கணக்கு மஹல்லாவின் அமானிதம். எந்த வீட்டுப் பிள்ளை படிக்கவில்லை என்பதை மிம்பரிலோ பலகையிலோ அறிவிக்கக் கூடாது. வறுமையை வெளிப்படுத்தினால் அடுத்த ஆண்டு எவரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். வயது முதிர்ந்த ஒருவர், ஆசிரியப் பணி செய்த ஒருவர், பெண்களிடம் பேசத்தக்க ஆலிமா ஒருவர் என மூவர் மட்டும் அதைப் பார்த்தால் போதும். பணமே தடையென்றால் பைத்துல்மால் இருக்கிறது.

இறுதியாக, பள்ளிக்குப் புறப்பட்டு அங்கே சென்று சேராத பிள்ளையைப் பற்றி ஒரு சொல். பிள்ளையைக் காணவில்லை என்றால் உறவினர் வீடுகளில் தேடியே ஒரு நாளைப் போக்கிவிடாதீர்கள். காணாமற்போன பிள்ளை பற்றிய புகாரை வழக்காகப் பதிவு செய்ய வேண்டும் என்று 2013 இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. காவல் நிலையத்திற்குச் செல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலுள்ள பிறந்த தேதியும் அங்க அடையாளமும் அந்நேரத்தில் பெரிதும் உதவும். பிள்ளை விடுப்பு எடுக்கும் நாளில் வகுப்பாசிரியருக்குத் தகவல் சொல்லும் வழக்கம் இருந்தால்தான், தகவலின்றி வராத நாளில் ஆசிரியர் உங்களை அழைப்பார்.

அன்பர்களே, அடுத்த ஆண்டு இதே கூட்டத்தில் செயலாளர் அவர்கள் அறிக்கை வாசிக்கும்போது, சந்தாவுக்கும் நிக்காஹுக்கும் அடுத்து ஒரு வரி கூடுதலாக இருக்க வேண்டும்: பள்ளி வயதுப் பிள்ளைகள் இத்தனை பேர், பள்ளியிலும் மதரஸாவிலும் இருப்பவர்கள் இத்தனை பேர், நின்றவர்களுள் மீண்டும் சேர்க்கப்பட்டவர்கள் இத்தனை பேர். முதல் ஆண்டில் அந்த எண்கள் நமக்கு மகிழ்ச்சி தராமல் போகலாம். ஆயினும் எழுதத் தொடங்குவோம். ஜூன் மாதத்திற்கு அதிக நாள் இல்லை.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.